அண்ணிக்குச் சொல்லும் அடுப்படிச் சேதி

அண்ணே,

இன்று காலை குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் பெரிய குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. நீங்கள் சமையற்கட்டு வாசலில் வந்து நிற்கிறீர்கள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் சட்டைப் பையில் எப்போதும் அந்த வாசனைதான். மற்ற ஆம்பளைகள் பையில் பேனா இருக்கும், மூக்குக் கண்ணாடி இருக்கும். உங்கள் பையில் வாஷர் இருக்கும். ஏன் என்று கேட்டால், "எந்த நேரத்துல எது லீக் அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பீர்கள். ஏதோ உலகமே உங்கள் வாஷரை நம்பித்தான் ஒழுகாமல் இருக்கிறது என்கிற மாதிரி.

பல்லால் கிழித்ததைப் பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நம் பழக்கமே சண்டையில் ஆரம்பித்ததுதானே.

புயல் முந்திரிக் காட்டையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன மறு வருஷம் அது. அண்ணியை நான் சமையல் பார்க்கிற நம் முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தீர்கள். பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் போய், பேச்சும் நின்றிருந்தது. ஒற்றை ஆளாகத் தூக்கிக் கிடத்த உங்களால் முடியவில்லை. மகன் பெங்களூரில் வேலை. ரிட்டயர் ஆகிக் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் நீங்கள் கட்டிய வீட்டில் அண்ணி சேர்ந்தாற்போல ஒரு வருஷம்கூட இருக்கவில்லை என்று பிறகு சொன்னீர்கள். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் பார்த்தது, கையில் சோற்றுக் கிண்ணத்தோடு என் சமையற்கட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைந்த ஒரு மனுஷரை.

"யாரும்மா இத அரைச்சது?"

"மிக்ஸி அரைச்சது" என்றேன்.

"மிக்ஸி அரைக்கலம்மா. கடிச்சித் துப்பி வச்சிருக்குது. ஒரு பருக்கை தொண்டையில நின்னு அவளுக்குக் கண்ணு செருகிப் போச்சி."

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். "இங்க ஒருத்தருக்கு உப்பு ஆவாது, ஒருத்தருக்குச் சக்கர ஆவாது, பாதிப் பேருக்குப் பல்லே கெடையாது. உங்க வூட்டம்மாவுக்குன்னு தனியா ஒரு மிக்ஸி வச்சிக்கினா உக்காந்திருக்க முடியும்?" என்று கத்தினேன். நீங்கள் பதிலுக்குக் கத்துவீர்கள் என்று கரண்டியோடு தயாராக நின்றேன். நீங்களோ செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, "ஸ்க்ரூ டிரைவர் இருக்குதா?" என்றீர்கள். சண்டை போட வந்த மனுஷர் இப்படிக் கேட்டால் நான் என்னதான் செய்வது? எடுத்துக் கொடுத்தேன். ஜாரைக் கவிழ்த்துப் பிரித்தீர்கள். பிளேடு மழுங்கிப் போயிருந்தது. மறுநாள் புது பிளேடோடு வந்தீர்கள். அன்று அரைத்த சோறு வெண்ணெய் மாதிரி இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து நீங்கள் அண்ணன், நான் தங்கச்சி.

நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டராக இருந்தவர் நீங்கள். காண்ட்ராக்ட்டில் நுழைந்து பர்மனென்ட் ஆனவர். ஊர் நீளத்துக்கு மண்ணையும் கரியையும் சுமந்து ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கு நம் கிரைண்டர் பெல்ட் விளையாட்டுச் சாமான். ஆனாலும் அதையும் அதே மரியாதையோடுதான் தொடுவீர்கள். பர்னரைத் துடைப்பது உங்களுக்கு 'ஷட்டவுன்'. பிரிட்ஜ் கதவு ரப்பரை மாற்றினால் 'ஓவராலிங்'. கிரைண்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று அட்டையில் சிவப்பு மையால் எழுதித் தொங்கவிட்டு, அண்ணிக்கு ஊட்டப் போய்விடுவீர்கள். சுவிட்சைத் தொடப் போன சமையல் பெண்கள் அட்டையைப் பார்த்ததும் பின்வாங்குவார்கள். எல்லாருமே மைன்ஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள், அட்டை மாட்டினவர்தான் கழற்ற வேண்டும் என்று அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். நான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. ஒருமுறை கழற்றி எறிந்துவிட்டேன். அரை நாள் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். சாயந்திரம் டீயில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்த பிறகுதான் முகம் இளகிற்று.

சாப்பாட்டு வண்டி கதை ஞாபகம் இருக்கிறதா? அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வரும். நம் வண்டியில் ஒரு சக்கரம் கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் உங்கள் காதைக் குத்தியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான்கு சக்கரத்துக்கும் கிரீஸ் வைத்துவிட்டீர்கள். மத்தியானம் வண்டி பூனை மாதிரி போயிற்று. போய்ப் பார்த்தால் ஒருவரும் எழுந்து உட்காரவில்லை. மற்ற நாட்களில் வராந்தாக் கோடியில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதும் பல்செட்டை எடுத்து மாட்டுவார்கள், கை கழுவுவார்கள், எழ முடியாதவர்களை நம் ஆயம்மா செல்வி தூக்கி உட்கார வைப்பாள். அன்று தலைமாட்டில் வண்டி நிற்கிறது, ஆட்கள் போர்வைக்குள் கிடக்கிறார்கள். ஒவ்வொருவராக எழுப்புவதற்குள் ரசம் ஆறிப்போயிற்று. "என்னா, இன்னிக்கு சோறு கெடையாதா?" என்று ஒரு தாத்தா சத்தம் போட, எல்லாரும் என்னைத்தான் வைதார்கள்.

கடைசியில் நீங்களே மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவந்து, ஒரு சக்கரத்து கிரீஸை மட்டும் துடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. "நல்லா ஓடற மிஷின என் சர்வீஸ்ல நானே கெடுத்ததில்ல, தங்கச்சி" என்றீர்கள். முகம் எழவு வீட்டுக்குப் போன முகம். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் ஓடினேன். அதற்குப் பிறகு அந்த வண்டி உங்களைத் தாண்டும்போதெல்லாம் நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வீர்கள்.

மற்ற எதில் கேலி செய்தாலும், அண்ணிக்கு நீங்கள் ஊட்டுவதை மட்டும் நான் கேலி செய்ததில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து நேராக உட்கார வைப்பீர்கள். மோவாயைக் கொஞ்சம் தாழ்த்திவிடுவீர்கள். அரை ஸ்பூன்தான். அது தொண்டையைத் தாண்டி இறங்கிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அவ்வளவு நேரமும் உங்கள் வாய் ஓயாது. "இன்னிக்கு இட்லிக் கொப்பரையில ஆவி நிக்கல. மூடி ஒரு பக்கம் வளைஞ்சி கெடக்குது. மரக்கட்டைய வச்சித் தட்டி வுட்டன். இப்ப சும்மா கும்முனு உக்காந்துகினு இருக்குது" என்று போய்க்கொண்டே இருக்கும்.

"பாவம்ண்ணே அண்ணி. நல்லதா நாலு வார்த்த பேசக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற என்னா பேசறது?" என்றீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அப்புறம் உங்களுக்கு நெஞ்சுவலி வர ஆரம்பித்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டர் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று சொன்ன பிறகு பஸ்ஸில் வந்தீர்கள். வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு மத்தியானம் சமையற்கட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் உட்கார்ந்து பர்னர் ஓட்டைகளை ஊக்கு முனையால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டீர்கள்.

"தங்கச்சி, ஷிப்ட்டுல ரிலீவர் வந்து நின்னாத்தான் நாம எடத்த வுட்டு நவுர முடியும். அவன் வரலன்னா அடுத்த ஷிப்ட்டும் நாமதான். எனக்கு ரிலீவர் யாரு? நான் போயிட்டா இவ யாரு கையால சாப்புடுவா?"

"ஏன், நான் இன்னா செத்தா போயிட்டன்? பேச்சப் பாரு பேச்ச" என்று வள்ளென்று விழுந்தேன். எனக்குக் கண்ணில் வெங்காயம் வேறு.

மறுநாள் கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். நீங்கள் செய்கிற மாதிரியே தலையணை வைத்தேன், மோவாயைத் தாழ்த்தினேன், அரை ஸ்பூன் எடுத்தேன். அண்ணி உதட்டைப் பூட்டிக்கொண்டார். கொஞ்சினேன், கெஞ்சினேன். திறக்கவில்லை. நீங்கள் வாங்கி வைத்ததும் திறந்தார். உங்கள் முகத்தில் பெருமையைப் பார்க்க வேண்டுமே! புது மாப்பிள்ளை தோற்றான். அந்தப் பெருமை போன வேகத்தில் பயம் வந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். நீங்கள் எதிரில் இருப்பதால்தான் அண்ணி அடம் பிடிக்கிறார் என்று நினைத்து, அடுத்த நாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றீர்கள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அப்போதும் அண்ணி திறக்கவில்லை.

"எப்பிடிண்ணே ஊட்டறீங்க? அதையாவது சொல்லிக் குடுங்க."

"நான் என்னா செய்யறன்? ஸ்பூன வச்சா தெறக்கறா" என்றீர்கள். அந்த மாதங்களில் நாம் எத்தனையோ வழி பார்த்தோம், ஒன்றும் பலிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள், தீபாவளிக்கு வந்திருந்த உங்கள் மகன் போன் செய்தார். தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்றார். இல்லத்து வேனில் அண்ணியை மந்தாரக்குப்பத்துக்குக் கூட்டிவந்தோம். வீல் சேரை உங்கள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணி உங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு உங்கள் கைகளை வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. திரும்ப வந்து கட்டிலில் படுத்தவர் வாயை மூடிக்கொண்டார்.

மகன் ஊட்டிப் பார்த்தார், அழுதுகொண்டே ஊட்டினார். செல்வி பாட்டுப் பாடி ஊட்டினாள். வஞ்சிரம் மீனை முள் எடுத்து மைய அரைத்துக் கொடுத்துப் பார்த்தேன். பால்கஞ்சியில் வெல்லம் கரைத்துப் பார்த்தேன். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணிக்கு மாரியம்மன்தான், இருந்தாலும் எந்தச் சாமியாவது கண் திறக்கட்டும் என்றுதான். தண்ணீரை மட்டும் உதட்டில் நனைத்து விடுவோம். அதில் பாதி வழிந்துவிடும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சலைன் ஏற்றச் சொன்னார். "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்மா. அப்புறம் மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும். வேற வழியில்ல" என்றார். நல்ல மனுஷர், அவருக்கும் அதில் இஷ்டமில்லை. ஆனால் டியூப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பிடுங்கி எறிந்துவிடாமல் கையைக் கட்டி வைக்க வேண்டியிருக்கும். அண்ணிக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒரு கைதான்.

எனக்கு உங்கள் மேல் ஆத்திரமாக வந்தது அண்ணே. வாஷர் எங்கே கிடைக்கும், பேரிங் எங்கே கிடைக்கும் என்று அத்தனையும் சொல்லிவிட்டுப் போன மனுஷர், பெண்டாட்டி வாயை எப்படித் திறக்க வைப்பது என்று சொல்லாமல் போய்விட்டாரே என்று உங்களைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன்.

டாக்டர் சொன்ன கெடு முடிகிற அன்று காலை கிரைண்டர் மக்கர் செய்தது. மாவு பாதி அரைபட்டுக் கிடக்கிறது, பெல்ட் நழுவி நழுவி விழுகிறது. கையெல்லாம் கரி. அதே கோபத்தோடு அண்ணியின் கஞ்சிக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே போர்வை மடித்துக்கொண்டிருந்த செல்வியிடம் கொட்டித் தீர்த்தேன்.

"நாசமாப் போன கிரைண்டரு! நானும் பெல்ட்ட இழுத்து இழுத்து மாட்டறன், சுத்தறப்ப உருவிக்கினு போவுது. மோட்டார் நல்லாத்தான் உறுமுது. கல்லு சுத்த மாட்டேங்குது. எந்த போல்ட்ட முறுக்கணும்னு எந்த எழவும் தெரியல..."

"எக்கா" என்றாள் செல்வி. "எக்கா, அம்மாவப் பாரு."

அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு பிரிந்திருந்தது.

அரை ஸ்பூன் வைத்தேன். தொண்டை ஏறி இறங்கிற்று. அடுத்த ஸ்பூனை எடுத்தேன், வாய் மூடிவிட்டது. அவர் கண்ணை மட்டும் என் மேலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிற கண். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்புறம்... அப்புறம் என்னா, மோட்டார நிறுத்திப்புட்டுக் குனிஞ்சி பாத்தன் அண்ணி. மோட்டார் உக்காந்திருக்கிற தகடே ஆடுது" என்றேன். வாய் திறந்தது. அன்று அந்தக் கிரைண்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றையும் சொல்லி அரைக் கிண்ணம் ஊட்டினேன். டியூப் வேண்டாம் என்று செல்விதான் டாக்டருக்குப் போன் செய்து சொன்னாள்.

சாயந்திரம் மகனிடம் சொன்னேன். "வூட்டுலயும் அப்படித்தாங்க. அப்பா ஷிப்ட் முடிஞ்சி வந்து சாப்புட உக்காந்தா மிஷின் கததான். ரோலர் போச்சி, பெல்ட் கிழிஞ்சிதுன்னு. எங்களுக்குப் போரடிக்கும், எந்திரிச்சிப் போயிருவோம். அம்மா மட்டும் கேட்டுக்கினே சாப்புடும்" என்றார். மைன்ஸுக்குப் போன புருஷன் வீட்டில் உட்கார்ந்து மிஷின் கதை சொல்கிறான் என்றால், அன்றைக்கும் ஆள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டான் என்றுதானே அர்த்தம். அந்தச் சேதியைக் கேட்டுத்தான் அண்ணிக்கு இத்தனை வருஷமும் சோறு இறங்கியிருக்கிறது. நீங்களும் அறியாமல், நானும் அறியாமல், நம் கண்ணெதிரே அது நடந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. வேளாவேளைக்கு அண்ணிக்கு ஒரு மிஷின் சேதி வேண்டும். எங்கே போவேன்? ஆரம்பத்தில் பொய் சொன்னேன். ஒருநாள், "இன்னிக்குப் பர்னர்ல பெல்ட் அறுந்துபோச்சி அண்ணி" என்றேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பர்னரில் ஏது பெல்ட்? ஃபிட்டர் பெண்டாட்டியிடம் அதெல்லாம் செல்லுமா? செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வேறு வழியில்லாமல் உண்மையைத் தேடப் போனேன். உங்கள் ஸ்பேனர் பையை மகன் என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் அடுப்புப் பற்ற வைக்கும் முன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன், திருகிப் பார்ப்பேன், காது கொடுத்துக் கேட்பேன். கொப்பரையின் அடியில் உப்புப் படிந்திருந்தால் புளித் தண்ணீர் கொதிக்க வைப்பேன். மிக்ஸி பிளேடை விரலால் தடவிப் பார்ப்பேன். மிஷின் மேல் உள்ள அக்கறையில் இல்லை அண்ணே, மத்தியானத்துக்கு அண்ணியிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்குமா என்றுதான். அதில் என் காதே கெட்டுப்போயிற்று. பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது எனக்கு மேலே ஓடுகிற ஃபேனில் பேரிங் போகிற சத்தம்தான் கேட்கிறது. பஸ்ஸில் போனால் டிரைவர் கியர் போடுகிற சத்தத்துக்கு என் முகம் சுளிக்கிறது. உங்கள் முகம் அப்படித்தான் சுளிக்கும். வீட்டில் என் மகள் என்னை 'ஃபிட்டரம்மா' என்று கூப்பிடுகிறாள். நீங்கள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, உங்கள் குணத்தில் பாதியை என் தலையில் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

அண்ணி இளைத்திருக்கிறார், ஆனால் நன்றாக இருக்கிறார். போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று காலை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு குறை இல்லை. பர்னர் நீலமாக எரிகிறது. கிரைண்டர் முனகக்கூட இல்லை. பிரிட்ஜ், கொப்பரை, குக்கர், எதைத் தொட்டாலும் சரியாக இருக்கிறது. மத்தியானம் கிண்ணத்தோடு அண்ணி முன்னால் போய் உட்கார்ந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அண்ணி, இன்னிக்குச் சொல்றதுக்கு ஒன்னுமில்ல. எல்லாத்தையும் பாத்துட்டன். எல்லாம் நல்லா ஓடிக்கினு இருக்குது" என்றேன்.

வாயை மூடிக்கொள்வார் என்று பயந்துகொண்டே ஸ்பூனைப் பிடித்திருந்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கரியேறிய என் விரல்களைப் பார்த்தார். நோவு வந்த நாளிலிருந்து ஒரு சொல் வராத வாய் அது. கோணிக்கொண்டு, எச்சில் வழிய, மெதுவாக அசைந்தது.

"ஓ...டட்டும்" என்றார்.

நான் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அழுதேன். நீங்கள் போனதற்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதேன் அண்ணே. அண்ணி ஒன்றும் அழவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.